கைப்பிடிக்குள் ஒரு களஞ்சியம்

ஒரு கத்தியின் பலத்தில் பெரும்பாகம், கைப்பிடிக்குள் மறைந்து நின்று அலகைத் தாங்கும் காம்பில் அடங்கியிருக்கிறது. அந்தக் காம்பையே துணிந்து குறுக்கி, அது இருந்திருக்க வேண்டிய இடத்தைக் குழலாக்கி, தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் ஊசிநூலும் வைத்து மூடிவிட்ட விசித்திர ஆயுதமே, பழம்பொருட் பிரியர்கள் தேடித் தேடிச் சேகரிக்கும் ராணுவப் பாணி உயிர்காப்புக் கத்தி. யாவும் இழந்தவனுக்கும் இடுப்பில் கட்டிய கத்தி எஞ்சியிருக்கும் என்பதே இவ்வமைப்பின் தத்துவம்.

வியத்நாம் யுத்தகாலத்தில் அங்கே பணிபுரிந்த அமெரிக்க ராணுவ வைத்தியர் காப்டன் ஜார்ஜ் இங்கிரகாம், புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரில் கத்தி வடித்துவந்த ராண்டாலுக்கு 1960-களின் தொடக்கத்தில் தெரிவித்த யோசனையினின்றும் பிறந்ததுதான் ராண்டாலின் 18-ஆம் மாதிரி. அதன் முற்காலப் பிரதிகளில், ஊன்றுகோலின் அடியில் செருகும் ரப்பர்க் குல்லாயே குழலுக்கு மூடியாக இருந்தது. வைத்தியர் மனத்தில் உதித்த பொருளுக்கு வைத்தியசாலைப் பண்டமே மூடியாக வாய்த்த அழகை நான் வியக்காத நாளில்லை. பிற்பாடு பித்தளைத் திருகுமூடி வந்துவிட்டபடியால், ரப்பர்க் குல்லாய்ப் பிரதிகள் இன்று சேகரிப்போருக்கு அரிய நிதி. அலகின் முதுகிலுள்ள ரம்பப் பற்கள் மரம் அறுப்பதற்கென்று பலரும் எண்ணுவர். விழுந்த விமானத்தின் அலுமினியத் தோலை அறுத்துக்கொண்டு வெளிவருவதற்காகவே அவை வகுக்கப்பட்டன.

1982-இல் வெளிவந்த ‘பர்ஸ்ட் பிளட்’ திரைப்படத்துக்காக ஆர்க்கன்சாஸ் மாநிலத்துக் கொல்லர் ஜிம்மி லைல் ஆக்கிய கத்தி, இவ்வினத்தை உலகறியச் செய்தது. அதைத் தொடர்ந்து வெள்ளமெனப் புகுந்த மலிவுப் பிரதிகளுக்கோ, அலகும் குழலும் சந்திக்கும் கழுத்தே பலவீனமான ஸ்தானம். சற்றே நெம்பினாலும் ஆடத் தொடங்கிய கத்திகள் அவற்றுள் பல. இந்தத் தோஷத்துக்குத் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் ரீவ் கண்ட பரிகாரம், இத்துறையின் சிகரமென்றே நான் கருதுகிறேன்: அலகையும் கைப்பிடியையும் ஒரே எஃகுத் துண்டினின்றும் கடைந்தெடுத்து, கைப்பிடிப் பாகத்தை மாத்திரம் குடைந்துவிட்டார். இணைப்பே இல்லாதபோது முறிவதற்கு இணைப்பு ஏது?

பழைய பிரதியொன்று கைக்கு வந்தால், உறை அதற்கே உரியதுதானா, சாணைக்கல் அதன் பையில் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதற்கு முன்னரே அலகைப் பற்றி மெல்ல அசைத்துக் கழுத்தின் உறுதியைச் சோதித்தல் வேண்டும். பின்னர் மூடியைத் திருகிக் கழற்றிக் குழலின் அடிவரை விளக்கொளியைச் செலுத்தல் வேண்டும். அலகு எத்துணைப் பளபளத்தாலும், அடைபட்ட ஈரத்தால் துருவேறுவது அங்கேதான்.