அரபியில் 'லம்', ஆங்கிலத்தில் 'டிட்': இறந்த காலத்தை எளிதாகக் கற்போம்



லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம், கடலூர் என நமது மாவட்டத்து ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குச் செல்பவர்கள் ஏராளம். நேர்முகத் தேர்வில் அவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, "இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்பதாகும். அதற்கு "ஐ வொர்க் இன் சென்னை" என்று பதில் சொன்னால், இவர் இப்போதும் அங்கேதான் வேலையில் இருக்கிறார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். "ஐ வொர்க்ட் இன் சென்னை" என்றால், அந்த வேலை முடிந்துவிட்டது என்று விளங்கிவிடும். ஓர் எழுத்தின் ஓசையில் இவ்வளவு பொருள் மாறுகிறது. காய்ச்சல் என்று தொடங்கியது என மருத்துவரிடம் சொல்லவும், பாஸ்போர்ட் எங்கே தொலைந்தது என அதிகாரியிடம் விளக்கவும் இதே இறந்த காலம்தான் தேவை.

"மதரஸாவில் ஓதிய எங்களுக்கு ஆங்கில இலக்கணம் வராது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஸர்ஃபும் நஹ்வும் படித்தவர்களுக்கு இது கைக்கு எட்டாத பாடமல்ல. இதில் பாதியை அவர்கள் ஏற்கெனவே அறிந்தே வைத்திருக்கிறார்கள்.

முடிந்துபோன செயல்

ஆங்கிலத்தின் சாதாரண இறந்த காலம், அதாவது சிம்பிள் பாஸ்ட், முடிந்துபோன ஒரு செயலைச் சொல்கிறது. எப்போது நடந்தது என்பது தெரிந்திருந்தால் இந்த வடிவமே வரும். நமது மாவட்ட வரலாற்றையே உதாரணமாகப் பார்ப்போம்.

கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் மராட்டியரிடமிருந்து வாங்கியது: 'பாட்'. ஹைதர் அலி 1781-இல் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயருடன் போரிட்டார்: 'ஃபாட்'. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கியது: 'பிகேன்'. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கடலூர்க் கரையைத் தாக்கியது: 'ஹிட்'.

நான்கிலும் ஆண்டு இருக்கிறது, செயலும் முடிந்துவிட்டது. எனவே 'நேற்று', 'போன வாரம்', '2015-இல்' போன்ற சொற்கள் வந்தால் 'ஹேவ்' சேர்க்கக் கூடாது. "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்பது நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. "ஐ சா ஹிம் யெஸ்டர்டே" என்பதே சரி.

பதினான்குக்குப் பதில் ஒன்று

ஃபிஅல் மாளீக்கு 'ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ' என்று பதினான்கு வடிவங்களை மனனம் செய்தோம். தமிழிலும் எழுதினான், எழுதினாள், எழுதினார்கள் என்று ஆளுக்கேற்ப விகுதி மாறுகிறது. ஆங்கிலத்திலோ நான், நீ, அவன், அவள், அவர்கள் எல்லோருக்கும் 'ரோட்' என்ற ஒரே வடிவம்தான்.

சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வினைகள் 'வொர்க்ட்', 'பிளேட்' என ஈற்றில் ஓர் ஓசையைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் கோ 'வென்ட்' ஆகும், டேக் 'டுக்' ஆகும், கட் 'கட்' ஆகவே நிற்கும். தமிழிலும் 'வா' என்பது 'வந்தான்' ஆகிறது, 'செல்' என்பது 'சென்றான்' ஆகிறது. இவற்றை விதி படித்தா கற்றோம்? புழங்கிப் புழங்கித்தான் கற்றோம். ஆங்கிலத்தில் அன்றாடம் அதிகம் பயன்படும் கோ, கம், ஸே, டேக், ஸீ, கிவ், நோ போன்றவை எல்லாம் இவ்வகையே. தினமும் ஐந்து வினைகளை மனனம் செய்தால் சில வாரங்களில் தேவையானவை கைவசமாகிவிடும்.

'லம்' கற்றுத்தரும் பாடம்

"டிட் யூ வென்ட்?", "ஐ டிட் நாட் வென்ட்" என்பன எங்கும் கேட்கும் பிழைகள். இங்கேதான் அரபி நமக்குக் கைகொடுக்கிறது.

'கதப' என்றால் எழுதினான். 'எழுதவில்லை' என்று சொல்ல 'லம் யக்துப்' என்கிறோம். 'யக்துப்' என்பது முளாரிஃ வடிவம், மாளீ அல்ல. ஆனாலும் பொருள் இறந்த காலம். காலத்தை 'லம்' சுமந்துகொண்டதால் வினை அதைச் சுமக்க வேண்டியதில்லை. சூரத்துல் இக்லாஸில் 'லம்' மூன்று முறை வருகிறது. மூன்று இடங்களிலும் அடுத்த வினை முளாரிஃ வடிவிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

ஆங்கிலத்தில் 'டிட்' செய்வதும் இதையே. 'ஹீ ரோட்' என்றால் எழுதினான். 'ஹீ டிட் நாட் ரைட்' என்றால் எழுதவில்லை. இறந்த காலம் 'டிட்' என்ற சொல்லுக்குள் போய்விட்டது, வினை தன் பழைய வடிவுக்குத் திரும்பிவிட்டது. தமிழிலும் 'எழுதினான்' என்பதில் உள்ள கால அடையாளம் 'எழுதவில்லை' என்பதில் இல்லையே!

இரண்டு வேறுபாடுகளை மட்டும் நினைவில் வையுங்கள். அரபியில் 'மா கதப' என்று மாளீயை வைத்தும் மறுக்கலாம். ஆங்கிலத்தில் 'லம்' வழி மட்டுமே உண்டு. அரபியில் 'ஹல் கதப?' என்று மாளீயிலேயே கேள்வி கேட்கலாம். ஆங்கிலத்தில் கேள்விக்கும் 'டிட் ஹீ ரைட்?' என்றே வர வேண்டும். ஒரு வாக்கியத்தில் காலத்தின் முத்திரை ஒரு முறைதான் விழும்.

'வாஸ்', 'வேர்' இரண்டுக்கும் 'டிட்' தேவையில்லை. 'ஐ வாஸ் எ டீச்சர்', 'ஐ வாஸ் நாட் எ டீச்சர்' என்றால் போதும். ஐ, ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கு 'வாஸ்', யூ, வீ, தே ஆகியவற்றுக்கு 'வேர்'.

அப்படியே மாற்றக் கூடாதவை

அம்மா கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்கிறோம். இன்னும் எழுந்திருக்கக்கூட மாட்டோம்! ஆங்கிலத்தில் அங்கே 'ஐ கேம்' என்றால் பொருந்தாது, 'ஐ ஆம் கமிங்' என்றே சொல்ல வேண்டும். நிகாஹ் மஜ்லிஸில் மணமகன் 'கபில்து' என்றோ 'ஏற்றுக்கொண்டேன்' என்றோ சொல்கிறார். இரண்டும் இறந்த கால வடிவங்கள். பேச்சு உறுதியாகிவிட்டது என்பதை அந்த வடிவம் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இதே உறுதியை 'ஐ அக்செப்ட்' என்று நிகழ்காலத்தில் சொல்வார்கள்.

பயிற்சி

இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்று செய்த ஐந்து செயல்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் கேள்வியாகவும் மறுப்பாகவும் மாற்றுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். 'வொர்க்கெட்' என்று இழுக்காமல் 'வொர்க்ட்' என்று முடியுங்கள். 'வான்டட்', 'நீடட்' போல ட, த ஓசையில் முடியும் வினைகளுக்கு மட்டுமே அந்தக் கூடுதல் அசை வரும்.

பதினான்கு வடிவங்களை மனனம் செய்த நாவுக்கு இந்த ஒரு வடிவம் கடினமல்ல. நாற்பது நாள் விடாமல் எழுதிப் பாருங்கள். அடுத்த நேர்முகத் தேர்வில், இன்ஷா அல்லாஹ், உங்கள் அனுபவத்தை நீங்களே தடுமாறாமல் சொல்வீர்கள்.