மேடை ஒளிக் கட்டுப்பாட்டுக் கணினிச் செயலிழப்பு

மேடை ஒளிக் கட்டுப்பாட்டுக் கணினிச் செயலிழப்பு என்பது நாடகம், நடனம், இசை நிகழ்ச்சி முதலியவற்றில் விளக்குகளை இயக்கும் கணினி, நிகழ்ச்சியின் நடுவில் உறைந்துபோவதையோ, தானே நின்றுவிடுவதையோ, விளக்குகளுடனான தொடர்பை இழப்பதையோ குறிக்கும். அலுவலகத்தில் கணினி நின்றால் வேலை தாமதமாகும். மேடையில் நின்றால், உயரமான தளத்தில் ஆடிக்கொண்டிருக்கும் கலைஞர் இருளில் கால் தவறி விழக்கூடும். ஆகவே இத்துறையில் பழுதறிதல் இரண்டு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதலில் ஒளியை மீட்பது. அதன் பின்னரே காரணத்தைக் கண்டறிவது.

வரலாறு

மேடை விளக்குகள் நீண்ட காலம் கைப்பிடிகளால் இயக்கப்படும் ஒளிமங்கிகள் (டிம்மர்கள்) மூலமே கட்டுப்படுத்தப்பட்டன. 1975ஆம் ஆண்டு நியூ யார்க்கின் பிராட்வே அரங்கில் மேடையேறிய 'அ கோரஸ் லைன்' என்னும் இசை நாடகத்தில், ஒளி வடிவமைப்பாளர் தாரன் மஸ்ஸர் கணினி நினைவகம் கொண்ட கட்டுப்பாட்டு மேசையைப் பயன்படுத்தினார். பிராட்வேயில் இத்தகைய மேசை பயன்பட்டது அதுவே முதன்முறை ஆகும்.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்காக, 1986இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப நிறுவகம் டி.எம்.எக்ஸ். 512 என்னும் நெறிமுறையை உருவாக்கியது. இது 1990இல் திருத்தப்பட்டது. வலையமைப்பு வழியாக ஒளித்தரவை அனுப்பும் ஆர்ட்-நெட் 1998இலும், எஸ்.ஏ.சி.என். 2009இலும் வெளிவந்தன. இவற்றின் வரவால், சாதாரண மடிக்கணினியும் தக்க மென்பொருளும் ஒரு சிறிய இடைமுகக் கருவியும் இருந்தால் மேடை முழுவதையும் இயக்கலாம் என்னும் நிலை உருவாயிற்று. கட்டற்ற மென்பொருளான கியூ.எல்.சி. பிளஸ் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இயங்கும் முறை

கணினியிலிருந்து விளக்கு வரை உள்ள அமைப்பை ஒரு சங்கிலியாகக் கொள்ளலாம். அதன் கண்ணிகள் முறையே கணினி, மென்பொருள், இடைமுகக் கருவி, தரவு வடம், ஒளிமங்கி அல்லது விளக்கு என்பனவாகும்.

ஒரு டி.எம்.எக்ஸ். வடம் 512 தடங்களைச் சுமக்கும். ஒவ்வொரு தடத்திற்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு உண்டு. தரவு நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் செல்வதால், 512 தடங்களும் அடங்கிய ஒரு தொகுதியை நொடிக்கு ஏறத்தாழ 44 முறை அனுப்பலாம். இந்நெறிமுறையின் அடிப்படை வடிவம் ஒருவழித் தொடர்பு ஆகும். தரவு வந்து சேர்ந்தது என்று விளக்கு பதில் அனுப்புவதில்லை. எனவே மேடை இருண்டிருக்கும்போதும் கணினித் திரையில் எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றலாம்.

கணினி நின்றவுடன் மேடை இருளுமா என்பது இரண்டு செய்திகளைப் பொறுத்தது. முதலாவது, இடைமுகக் கருவியின் வகை. விலை குறைந்த சில கருவிகளில் தனி நுண்செயலி இல்லை. ஒவ்வொரு தொகுதியையும் கணினியே உரிய நேரத்தில் உருவாக்கி அனுப்ப வேண்டும். கணினி திணறினால் விளக்குகள் மினுக்கும். கணினி நின்றால் தரவும் நின்றுவிடும். நுண்செயலி கொண்ட கருவிகளோ, மின்சாரம் கிடைக்கும்வரை, இறுதியாகப் பெற்ற மதிப்புகளைத் தொடர்ந்து அனுப்ப வல்லவை. இரண்டாவது, தரவு நின்றபின் விளக்கு நடந்துகொள்ளும் முறை. சில விளக்குகள் கடைசி நிலையிலேயே ஒளிரும், சில அணைந்துவிடும். பல விளக்குகளில் இதை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம்.

அறிகுறிகளும் காரணங்களும்

சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்பதை அறிகுறிகளே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

- திரை உறைந்து, விளக்குகள் அப்படியே ஒளிர்ந்தால், மென்பொருளோ இயங்குதளமோ நின்றிருக்கிறது.
- திரை இயங்கியும் எல்லா விளக்குகளும் கட்டளைக்கு இணங்காவிட்டால், யூ.எஸ்.பி. வடம், இடைமுகக் கருவி, அதன் இயக்கி மென்பொருள் ஆகியவற்றை ஐயுற வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த யூ.எஸ்.பி. துளையை இயங்குதளம் அணைத்துவிடுவதும் உண்டு.
- வடத்தில் ஒரு குறிப்பிட்ட விளக்குக்குப் பிறகு உள்ளவை மட்டும் மினுக்கினால், பழுது கணினியில் இல்லை. தளர்ந்த செருகியோ, வடத்தின் முடிவில் இருக்க வேண்டிய 120 ஓம் மின்தடை இல்லாமையோ காரணமாகலாம்.
- கணினி தானாக மறுதொடக்கம் செய்தால் மின்வழங்கல், வெப்பம், நினைவகச் சில்லு ஆகியவற்றை முதலில் நோக்க வேண்டும்.
- எப்போதும் ஒரே காட்சியில் நின்றால், நிகழ்ச்சிக் கோப்போ அக்காட்சியில் வரும் ஒலி, ஒளிப்படக் கோப்போ சிதைந்திருக்கலாம்.
- சில மணி நேரம் ஓடிய பின்னரே நின்றால், மென்பொருள் நினைவகத்தைச் சிறிது சிறிதாக விழுங்கி வருகிறது, அல்லது கணினி சூடேறுகிறது எனக் கொள்ளலாம்.
- ஒளிமங்கிகளை உயர்த்தும்போதெல்லாம் சுட்டியும் இடைமுகமும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டால், மின்னழுத்த வீழ்ச்சியோ, ஒளிமங்கிகள் எழுப்பும் மின்னிரைச்சலோ காரணமாகலாம்.

நிகழ்ச்சியின்போது செய்ய வேண்டியவை

கணினி நின்றவுடன் இடைமுகக் கருவியைக் கழற்றுவதும் ஒளிமங்கிகளை அணைப்பதும் தவறாகும். கடைசி ஒளிநிலையைப் பிடித்துவைத்திருப்பவை அவையே. முதலில் கணினியைச் சாராத, நேரடிச் சுவிட்சு கொண்ட பொதுவிளக்குகளை ஏற்ற வேண்டும். அதன் பின்னரே மென்பொருளை மீண்டும் தொடங்கலாம்.

இங்கு கவனிக்கத்தக்க ஓர் இடர் உண்டு. மென்பொருள் புதிதாகத் தொடங்கும்போது எல்லாத் தடங்களுக்கும் சுழிய மதிப்பை அனுப்பக்கூடும். அதுவரை கடைசி நிலையில் ஒளிர்ந்த விளக்குகள் அந்நொடியில் அணையும். சுழலும் விளக்குகள் திடீரெனத் திரும்பும். எனவே நிகழ்ச்சிக் கோப்பைத் திறந்து, நடந்துகொண்டிருக்கும் காட்சிக்குச் சென்ற பிறகே வெளியீட்டை இயக்குவது நன்று.

காரணத்தைக் கண்டறிதல்

நிகழ்ச்சி முடிந்ததும், நின்ற நேரம், அப்போது ஓடிய காட்சி, திரையில் தோன்றிய பிழைச் செய்தி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயங்குதளத்தின் பதிவுக் கோப்பில் அதே நேரத்திற்குரிய வரிகள் பெரும்பாலும் துப்புத் தரும்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும். அதே நிகழ்ச்சிக் கோப்பு வேறொரு கணினியிலும் அதே காட்சியில் நின்றால் பழுது கோப்பில் இருக்கலாம். இடைமுகக் கருவியைக் கழற்றியபின் கணினி நிற்காமல் ஓடினால், ஐயம் அக்கருவியின் மீதோ அதன் இயக்கியின் மீதோ விழும். வடத்தையும் கருவியையும் மென்பொருளையும் ஒருசேர மாற்றினால் பழுது மறையலாம். ஆனால் எதனால் மறைந்தது என்பது தெரியாது. அது அடுத்த மேடையில் மீண்டும் தலைகாட்டக்கூடும்.

திறந்தவெளி மேடைகள்

புதுக்கோட்டை வட்டாரம் இசை நாடக மரபுக்குப் பெயர்பெற்றது. திருவிழாக் காலங்களில் இந்நாடகங்கள் இரவு தொடங்கி விடியும்வரை நடப்பதுண்டு. குடுமியான்மலை போன்ற ஊர்களில் அமைக்கப்படும் திறந்தவெளி மேடையைக் கணினியால் ஒளியூட்டும்போது, நகர அரங்குகளில் எழாத சில சிக்கல்களை எதிர்பார்க்க வேண்டும்.

முதலாவது கால நீளம். ஒரு மணி நேர ஒத்திகையில் வெளிப்படாத நினைவகக் குறை, விடியற்காலைக் காட்சியில் வெளிப்படலாம். எனவே சோதனை ஓட்டமும் நிகழ்ச்சி அளவிற்கு நீண்டிருக்க வேண்டும். இரண்டாவது மின்சாரம். மின்னாக்கியிலிருந்து வரும் மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி துண்டிக்கப்பட்டால், 230 வோல்ட்டு இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும், கருவிகள் கருகிவிடும். மூன்றாவது, தூசியும் இரவுப் பனியும். தூசி விசிறியை அடைக்கும். பனி செருகிகளில் ஈரமாகப் படியும்.

மின்தடையின்போது மடிக்கணினி தன் மின்கலத்தில் ஓடும். ஆனால் தனி மின்சாரத்தில் இயங்கும் இடைமுகங்களும் வலையமைப்புக் கருவிகளும் உடனே அணைந்துவிடும். ஆகவே தடையில்லா மின்வழங்கியில் (யு.பி.எஸ்.) அவற்றையும் சேர்த்தே இணைக்க வேண்டும்.

தடுப்பு முறைகள்

- நிகழ்ச்சிக் கணினியை வேறு பணிகளுக்குப் பயன்படுத்தாதிருத்தல். தானியங்கு இற்றைப்படுத்தல், உறக்க நிலை, யூ.எஸ்.பி. மின்சேமிப்பு ஆகியவற்றை நிறுத்திவைத்தல்.
- நிகழ்ச்சிக் கோப்பின் படிகளை வெவ்வேறு பெயர்களில் இரு வேறு சேமிப்பகங்களில் வைத்தல்.
- ஒளிமங்கிகளுக்கும் கணினிக்கும் தனித்தனி மின்சுற்று அளித்தல். வடத்தில் பாயும் மிகையழுத்தம் கணினியை எட்டாதவாறு மின்தனிமை கொண்ட இடைமுகத்தைப் பயன்படுத்துதல்.
- மாற்றுக் கணினியை ஆயத்தமாக வைத்தல். இரண்டு கணினிகளின் டி.எம்.எக்ஸ். வெளியீடுகளை ஒரே வடத்தில் நேரடியாக முறுக்கி இணைத்தல் கூடாது. இணைப்பிக் கருவியோ மாற்றுச் சுவிட்சோ தேவை. எஸ்.ஏ.சி.என். முறையில் மாற்றுக் கணினிக்குக் குறைந்த முன்னுரிமை எண் அளிக்கலாம். முதன்மைக் கணினியின் தரவு 2.5 நொடிகள் வராவிட்டால், அம்மூலம் இழக்கப்பட்டதாகக் கருவிகள் கொள்ளும். மாற்றுக் கணினியின் தரவு இடம்பெறும்.
- பட்டாசு, பளு தூக்கி போன்றவற்றை டி.எம்.எக்ஸ். மூலம் இயக்காதிருத்தல். இந்நெறிமுறையில் பிழைகாணல் கட்டாயமில்லை என்பதால், உயிருக்கு இடர் தரும் பயன்பாடுகளுக்கு இது ஏற்றதன்று.
- வெளியேறும் வழி விளக்குகளையும் மேடையின் பொதுவிளக்குகளில் சிலவற்றையும் கணினியுடன் இணைக்காமல் தனிச் சுவிட்சில் வைத்தல். தடுப்பு முறைகளில் செலவு குறைந்ததும் முதலில் செய்யத்தக்கதும் இதுவே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- மேடை ஒளியமைப்பு
- இசை நாடகம்
- தடையில்லா மின்வழங்கி
- குடுமியான்மலை