சூடாகி நிற்கும் ஆம்ப்ளிஃபையர்: பிழை வாட்டிலா, ஓமிலா?

ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட முழக்க ஒலிகளை எழுப்புவதற்கென்றே அமைந்த பெரிய ஸ்பீக்கர் சப்வூஃபர் எனப்படுகிறது. அதற்கு வேண்டிய மின்திறனைத் தருவது ஆம்ப்ளிஃபையர். இரண்டையும் நல்லவையாகவே தேர்ந்து வாங்கிக் காரில் பொருத்திய பிறகும், சிறிது நேரம் பாடல் ஒலித்ததும் ஆம்ப்ளிஃபையர் கை வைக்க முடியாதபடி சூடேறித் தானாகவே நின்றுவிடுவது பரவலாகக் காணப்படும் குறை. இதற்குப் பலரும் பொருளின் தரத்தைக் காரணம் காட்டுகின்றனர் அல்லது இன்னும் பெரிய வாட் அளவுள்ள ஆம்ப்ளிஃபையரைத் தேடுகின்றனர். ஆனால் வாட்டைப் பார்த்து வாங்கி, ஓமைப் பார்க்காமல் இணைத்ததுதான் பெரும்பாலும் அடிப்படைப் பிழையாக இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். இதை நேரடியாகக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இயக்கினால் ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 20 வாட்டுக்கு மேல் தெளிவான ஒலியைப் பெற இயலாது. முன்பலகை ஸ்டீரியோவின் பெட்டியில் 50 வாட் என்று அச்சிடப்பட்டிருப்பது அதன் கணநேர உச்சத்தைக் குறிக்கும் எண்ணேயன்றி, தொடர்ந்து கிடைக்கும் திறன் அன்று. ஆகவே தனி ஆம்ப்ளிஃபையர் முதலில் பேட்டரியின் மின்னழுத்தத்தைத் தன்னுள் இருக்கும் மின்சுற்றால் உயர்த்திக்கொண்டு, பின்னர் அதை டிரான்சிஸ்டர்களின் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இவ்விரு நிலைகளிலும் ஒரு பங்கு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. அந்த வீண் பங்கின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது, ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரின் முன் வைக்கும் மின்மறுப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு. இதன் அலகுதான் ஓம்.

ஆம்ப்ளிஃபையர் 20 வோல்ட் தருகிறது என்று கொண்டால், 4 ஓம் சுமையில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து 100 வாட் கிடைக்கிறது. 2 ஓமில் 10 ஆம்பியரும் 200 வாட்டும், 1 ஓமில் 20 ஆம்பியரும் 400 வாட்டும் ஆகின்றன. இந்த ஏறுமுகம்தான் கடைகளிலும் விளம்பரங்களிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் டிரான்சிஸ்டர்களிலும் கம்பிகளிலும் உள்ள சிறு தடைகளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், ஓம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் வெளியீடு இரு மடங்கே ஆக, அவ்வெப்பமோ நான்கு மடங்காகிறது. 2 ஓம் வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட கருவியில் 1 ஓம் சுமையை ஏற்றினால், அது பாதுகாப்புச் சுற்றால் நிறுத்தப்படும் அல்லது டிரான்சிஸ்டர்கள் கருகும்.

பிழை நுழையும் இடம் பெரும்பாலும் இரட்டைச் சுருள் சப்வூஃபர்தான். ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் செம்புக் கம்பிச் சுருளை வாய்ஸ் காயில் என்பர். இத்தகைய சப்வூஃபரில் அது இரண்டாக இருக்கும். இரண்டு 4 ஓம் சுருள்களைப் பக்க இணைப்பில், அதாவது நேர்முனையோடு நேர்முனையும் எதிர்முனையோடு எதிர்முனையும் சேர இணைத்தால் 2 ஓமும், தொடர் இணைப்பில் 8 ஓமும் வரும். இரண்டு 2 ஓம் சுருள்கள் கொண்டதிலோ 1 ஓம் அல்லது 4 ஓம் மட்டுமே கிடைக்கும். அந்த ஒற்றை சப்வூஃபரின் இரு சுருள்களையும் பயன்படுத்தி 2 ஓம் சுமையை எவ்வகையிலும் உண்டாக்க முடியாது. அப்படியிருந்தும், பெட்டியில் ‘2 ஓம்’ என்று கண்டவுடன் 2 ஓம் ஆம்ப்ளிஃபையருக்குப் பொருந்தும் என்று கருதி வாங்கிப் பக்க இணைப்பில் பொருத்துவது மிகச் சாதாரணமாக நேர்கிறது. 2 ஓம் வரை தாங்கும் ஆம்ப்ளிஃபையருக்கு உரியது இரட்டை 4 ஓம் சப்வூஃபர் என்பதை நினைவில் கொள்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ஒற்றைச் சேனல் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்கென இரண்டு இணை முனைகள் காணப்படும். அவை உள்ளே ஒன்றாகவே சேர்ந்திருப்பதால், ஒவ்வொன்றிலும் ஒரு 2 ஓம் சப்வூஃபரை மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் காண்பது 1 ஓம்தான். அடுத்து, இரண்டு சேனல்களைச் சேர்த்து ஒரே சப்வூஃபரை இயக்கும் பிரிட்ஜ் இணைப்பில், ஒவ்வொரு சேனலும் அந்தச் சுமையின் பாதியையே உணர்கிறது. ஆகவே சேனலுக்கு 2 ஓம் தாங்கும் கருவியைப் பிரிட்ஜ் செய்தால் 4 ஓமுக்குக் குறைந்த சப்வூஃபரை அதனோடு இணைக்கலாகாது.

ஓம் பொருந்திய பிறகே வாட்டைப் பற்றிய பேச்சுக்கு இடமுண்டு. இதில் ஆர்.எம்.எஸ். எனக் குறிக்கப்படும் தொடர்திறனை மட்டுமே இரு பக்கமும் ஒப்பிட வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் உச்சத்திறனைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. இந்தக் குழப்பத்தைக் களையவே அமெரிக்க மின்னணுத் துறை அமைப்பு 2003இல் சிஇஏ 2006 என்னும் தர விதியை வெளியிட்டது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், 1 விழுக்காட்டுக்கு மேல் சிதைவு இல்லாமல் அளந்த திறனையே குறிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். சப்வூஃபருக்கு அனுப்பப்படும் மின்திறனில் மிகச் சிறு பங்கே ஒலியாகிறது. எஞ்சியது முழுவதும் வாய்ஸ் காயிலில் வெப்பமாகிறது என்பதால், ஸ்பீக்கர் தாங்கும் தொடர்திறனும் ஆம்ப்ளிஃபையர் குறிப்பிட்ட ஓமில் தரும் தொடர்திறனும் அருகருகே இருத்தல் வேண்டும்.

சிறிய ஆம்ப்ளிஃபையர் பெரிய சப்வூஃபரைக் கெடுத்துவிடும் என்ற நம்பிக்கை வலுவாக நிலவுகிறது. குறைந்த திறன் தனியே எந்தச் சுருளையும் எரிப்பதில்லை. போதாத ஒலியை ஈடுகட்ட கெயின் குமிழை முழுவதும் திருப்பும்போதுதான் தீங்கு நேர்கிறது. கெயின் என்பது ஸ்டீரியோவிலிருந்து வரும் சமிக்ஞைக்கு ஆம்ப்ளிஃபையரை இசைவிக்கும் அமைப்பு. அதை ஒலி கூட்டும் குமிழாகப் பயன்படுத்தினால் அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. முற்றிலும் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்சமுள்ள சீரான அலையைப் போல் இரு மடங்கு திறனைச் சுமப்பதால், ஆம்ப்ளிஃபையர், சுருள் ஆகிய இரண்டும் ஒருங்கே சூடேறுகின்றன. இதைத் தவிர்க்கும் வழி எளிது. சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, முழக்க ஒலிகளை மட்டும் கூட்டும் பாஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு முனைகளில் மல்டிமீட்டரின் மாறுதிசை வோல்ட் அளவைப் பார்க்க வேண்டும். வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி அதன் வர்க்கமூலம் கண்டால் அதுவே எட்ட வேண்டிய வோல்ட். 300 வாட், 2 ஓம் என்றால் ஏறத்தாழ 24.5. அமைத்த பின் பாஸ் பூஸ்ட்டை 6 டெசிபல் ஏற்றினால் அந்த அதிர்வெண்ணில் நான்கு மடங்கு திறன் கேட்கப்படும் என்பதால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

பேட்டரியிலிருந்து வரும் கம்பியும் வெப்பத்துக்குப் பொறுப்பு. 80 விழுக்காடு செயல்திறனுடன் 500 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர், 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 45 ஆம்பியரை இழுக்கிறது. கம்பி மெலிந்திருந்து மின்னழுத்தம் சரிந்தால், வெளியீட்டைக் குறையாமல் காக்குமாறு அமைந்த ஆம்ப்ளிஃபையர்கள் அந்த இழப்பை ஈடுசெய்ய மேலும் அதிக மின்னோட்டத்தை இழுத்து மேலும் சூடாகின்றன. மலிவு விலை வயரிங் கிட்டுகளில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி வருவதுண்டு. அதன் கடத்துதிறன் தூய செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. எர்த் கம்பியையும் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் இறுக்கிப் பொருத்த வேண்டும்.

வெயிலில் நின்ற காரின் டிக்கியில் காற்றே கடுமையாகச் சூடேறியிருக்கும் என்பதால், ஆம்ப்ளிஃபையரின் அலுமினிய விலாக்கள் தம் வெப்பத்தை விடுவதற்குத் திணறும். கார்ப்பெட்டுக்கு அடியிலோ, தலைகீழாகவோ, அதிரும் சப்வூஃபர் பெட்டியின் மேலோ அதைப் பொருத்துவது தவறு. பழைய கிளாஸ் ஏபி வகையில் ஏறத்தாழ பாதி மின்சாரம் வெப்பமாகிவிட, கிளாஸ் டி வகையில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே வீணாகிறது. சப்வூஃபருக்குப் பின்னதையே தேர்வது அறிவுடைமை.

ஏற்கெனவே சூடாகி நிற்கும் ஆம்ப்ளிஃபையரை மாற்றும் முன், சப்வூஃபர் கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்ப்பது கடமை. இந்த நேர்திசை மின்தடை அளவு பெயரளவு மின்மறுப்பைவிடச் சற்றுக் குறைவாகவே, 4 ஓமுக்கு ஏறத்தாழ 3.5 என்பது போல, காட்டும். 2 ஓம் வரை தாங்கும் ஆம்ப்ளிஃபையரில் அது 1 ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோ காட்டினால் இணைப்பு முறையை மாற்ற வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடுவது காரைத் தீக்கு ஒப்புக்கொடுப்பதாகும். அதை எவரும் செய்ய வேண்டாம்.