பாட்டரி மீது பழி போடுமுன்...

மின்சாரம் போகிறது. இன்வர்ட்டர் ஓடுகிறது. ஐந்தே நிமிஷம், விசிறி நின்று விடுகிறது. "பாட்டரி போச்சு! புதிதுதான் வாங்கணும்!" என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறார் வீட்டுக்காரர். பல ஆயிரம் ரூபாய்ச் சமாசாரம் ஆயிற்றே! அவசரப்படாதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்கி விசாரணை நடத்துங்கள். பாட்டரி நிரபராதியாகவே இருக்கலாம்.

முதலில் பாரத்தைப் பாருங்கள். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பாட்டரி என்றால் அதன் கையிருப்பு 1,800 வாட்-மணி. இரண்டு விசிறிக்கு 150 வாட், இரண்டு குழல் விளக்குக்கு 80 வாட், ஆக 230. கணக்குப்படி ஏழரை மணிக்கு மேல் ஓட வேண்டும். வழியில் ஏற்படும் நஷ்டம் போக ஐந்தாறு மணி கிடைத்தால் சரி. இஸ்திரிப் பெட்டியோ பிரிஜ்ஜோ அதே இணைப்பில் ஒட்டிக் கொண்டிருந்தால், பாவம், பாட்டரி என்ன செய்யும்?

அடுத்தது தண்ணீர். பாட்டரிக்குள் ஆறு அறைகள். மூடிகளில் உள்ள மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தால், அது தாகத்தால் தவிக்கிறது என்று அர்த்தம். டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஒரே ஓர் அறையில் மட்டும் நீர் அடிக்கடி வற்றினால், நோய் அந்த அறையில்தான். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? அதுதான் மின்சாரத்தின் வழியை மறிக்கும் திருடன்! வளையல், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். உலோகம் இரு முனைகளையும் தொட்டால் பொறி பறக்கும். இன்வர்ட்டரை அணைத்து, சுவர் பிளக்கைப் பிடுங்குங்கள். கறுப்பு ஒயரை முதலில் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். நன்றாக முடுக்கி, மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது தீப்பற்றக் கூடியது. ஆகவே காற்றோட்டமுள்ள இடமே அதற்கு உகந்தது. பக்கத்தில் ஊதுவத்தியோ விளக்கோ ஏற்றாதீர்கள்; பூஜை மாடத்துக்கு அடியில் வைக்கவே வேண்டாம். குழந்தைகளுக்கும் எட்டாதிருக்கட்டும். ஆசிட் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, டாக்டரிடம் ஓடுங்கள்.

இத்தனையும் செய்தும் சரிப்படவில்லையா? வோல்ட் மீட்டரிடம் சாட்சி கேளுங்கள். சார்ஜ் ஏற்றி, இணைப்பைக் கழற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பாட்டரி ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8க்குக் கீழே காலி. நிறைவு காட்டிய பாட்டரி, விசிறி போட்டதும் மளமளவென்று இறங்கினால், சந்தேகமில்லை, அதற்கு வயதாகி விட்டது.

அப்போது புதிது வாங்குங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக் கொள்ளுங்கள். வீட்டு மூலையில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈயம் விஷம்!