செப்டிக் டேங்க் தண்ணீரும் வேலையாள் பாதுகாப்பும்



நாலு வருசத்துக்கு முன்னாடி என் தென்னந்தோப்பு வாசலில் ஒரு டேங்கர் லாரி வந்து நின்றது. "காசில்லாத உரம்ணே, மட்டை கருகருன்னு வரும்" என்றார் ஓட்டுநர். ரசாயன உரத்தை நிறுத்திய புதிது, காய்ப்பு குறைந்திருந்தது. சரி என்றேன். அந்தத் தண்ணீரை மரத்து வட்டப்பாத்திக்குத் திருப்பிவிட்டவர் எங்களிடம் வேலை செய்யும் அக்கா. நான் வரப்பில் செருப்போடு நின்றேன். அவர் சேற்றில் வெறுங்காலோடு நின்றார்.

சில நாளில் அவருக்குப் பாதத்தில் அரிப்பு. சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசினோம். சில மாதம் கழித்து நாலு நடை நடந்தாலே மூச்சு வாங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு கொக்கிப்புழு, ரத்தசோகை என்றார்கள். வேறு இடத்திலும் தொற்றியிருக்கலாம். ஆனால் வெறுங்காலோடு அந்தச் சேற்றில் இறங்கச் சொன்னது நான்தானே?

பலர் நினைப்பதுபோல் தொட்டியில் இருப்பது மக்கிய உரம் இல்லை. அடியில் பழைய கசடு இருந்தாலும், மேலே நேற்றைய கழிவும் இருக்கும். கொக்கிப்புழு முட்டை ஈரமண்ணில் பொரிந்து, புழு பாதத்தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும். உருளைப்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்குக் கிருமிகள் கை வழியாக வாய்க்குப் போகும். கூடவே பிளேடு, கண்ணாடித்துண்டு, நாப்கின், கழிவறை ஆசிட் எல்லாம் வரும்.

அதனால் பச்சைக் கழிவைத் தோட்டத்தில் விடவே வேண்டாம். விதிப்படி லாரிக்காரர் அதைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டணும். கருங்குழி போன்ற ஊர்களில் இதற்கென்றே நிலையம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல்படி, 20 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள இடங்களில் கழிவைப் புதுக்கழிவு சேர்க்காமல் ஓராண்டாவது வைத்திருக்கணும். கம்போஸ்ட் ஆக்கினால் 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரமாவது சூடு நிற்கணும். அங்ககச் சான்று வாங்குகிறவர்கள் உணவுப்பயிருக்கு மனிதக்கழிவை நினைக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே கழிவு விட்ட நிலத்தில் ஆள் இறக்கினால் இவற்றைக் கவனியுங்கள்:

1. முட்டளவு கம்பூட்ஸ், முழங்கை வரை ரப்பர் கையுறை. வாங்கித்தர வேண்டியது நிலக்காரர். வெயிலில் வியர்க்கும் என்று கழற்றிவிடுவார்கள். அதனால் வேலையைக் காலையிலேயே முடியுங்கள்.

2. கையில் காலில் புண் இருப்பவரையும், கர்ப்பிணியையும் இறக்காதீர்கள்.

3. வேலைக்கு நடுவே வெற்றிலை, பீடி, டீ கூடாது. பம்ப்செட் பக்கத்தில் சோப்பு வையுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

4. வேலைத்துணியைத் தோட்டத்திலேயே மாற்றித் தனியாகத் துவைக்கணும். வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

5. டெட்டனஸ் ஊசி, பூச்சி மாத்திரை பற்றிச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கும் கூலி கொடுங்கள்.

கடைசியாக, நம் பண்ணைவீட்டுத் தொட்டி. அடைத்துக்கொண்டால் "கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்று யாரையும் சொல்லாதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை வாசம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து வாசமே தெரியாது. துணி முகமூடி அதைத் தடுக்காது. மீத்தேனும் இருப்பதால் தீக்குச்சி கிழிக்கக்கூடாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்த கதை ஊருக்கு ஊர் உண்டு. ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். 2023-இல் உச்ச நீதிமன்றம் இந்த மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உரிமம் பெற்ற லாரிக்கு 14420 என்ற எண்ணில் கேளுங்கள்.

அந்த அக்கா மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார். இப்போது என் தோப்பில் லாரி நுழைவதில்லை. சாணமும் மூடாக்கும் தக்கைப்பூண்டும்தான். மண்புழு சாகக்கூடாது என்று விஷத்தை விட்ட நாம், மண்ணில் நிற்கிற மனுசரை மறக்கலாமா?