நடுவில் ஒரு வால்வு!

ஹோம் தியேட்டர் வாங்கி மாட்டியவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வில்லன் வைத்த குண்டு பக்கத்துத் தெரு வரை கேட்கும். ஹீரோயின் 'ஐ லவ் யூ' சொன்னது மட்டும் கேட்காது!

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பா ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். மலை மேலே ஏலத்தோட்டத்தில் கோயில் விசேஷம் என்றால், வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போவார். போடிமெட்டு வளைவுகளில் ஏலக்காய் மூட்டை உருண்டாலும் கவலையில்லை, வால்வு உடையக்கூடாது!

இப்போது அவருக்கு 74 வயது. படம் போட்டால், "என்னடா பேசிக்கிறாய்ங்க?" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிறார்.

5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதற்கு மட்டும் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் அப்பா குஷியாகிவிடுவாரே! கேட்டதும், மனுஷர் பழைய தொழிலுக்கே திரும்பிவிட்டார்.

"மொதல்ல ரிசீவருக்குப் பின்னாடி 'சென்டர் ப்ரீ அவுட்' இருக்கா பாரு. இல்லேன்னா ஆசைய மூட்டை கட்டு" என்றார்.

இருந்தது.

அடுத்து வாட். ஒற்றை 300பி வால்வு என்றால் சுமார் 8 வாட். இரண்டு இ.எல். 84 ஜோடி சேர்ந்தால் 15 வாட் அளவுக்கு வரும். இரண்டு இ.எல். 34 என்றால் 35 வாட். பேச்சுக்குச் சின்ன அறையில் ஒரு வாட் கூடப் போதும்; திடீர்க் கத்தலுக்குத்தான் கையிருப்பு வேண்டும். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். அதனால், வாட்டைத் துரத்துவதைவிட 90 டெசிபலுக்கு மேல் திறனுள்ள ஸ்பீக்கர் புத்திசாலித்தனம். 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையில்தான் மாட்ட வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடலாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். மூடியைத் திறந்து கை வைப்பது விளையாட்டல்ல.

"எல்லாம் சரி... ஆனா நடுவுக்கு மட்டும் வால்வு போடாதே" என்றார் அப்பா. "முன்னாடி மூணும் ஒரே குரல்ல பேசணும். இல்லேன்னா ஹீரோ இடமிருந்து வலம் நடந்தா, நடுவுல ஜலதோஷம் புடிச்சுரும்!"

"அப்ப வசனம் தெளிவாக் கேக்க வேணாமாப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "வால்வு எதமாப் பாடும்டா. காதைத் தெறந்து விடாது" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஊருக்கே சத்தம் கேட்க வைத்த மனுஷர், தனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். நான் கடை கடையாக வால்வு தேடிக்கொண்டிருக்கிறேன்!

அலமாரிக்குள் புதைந்து கிடந்த நடு ஸ்பீக்கரை வெளியே இழுத்து, அப்பா காதைப் பார்த்துச் சாய்த்தேன். ரிசீவரில் நடுச் சத்தத்தை 4 டெசிபல் கூட்டினேன். 'நைட் மோட்' போட்டு வெடிச் சத்தத்தை அடக்கினேன். செலவு... பூஜ்யம். மறுநாள் காது டாக்டரிடமும் அழைத்துப் போனேன். அங்கே கொஞ்சம் செலவு! காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மெஷின். உள்ளே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர். வால்வு கிடையாது!

அன்று ராத்திரி முழுப் படத்தையும் அப்பா ஒரு கேள்வி கூடக் கேட்காமல் பார்த்தார். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"நல்லாக் கேட்டுச்சுடா. இந்த வசனத்துக்குக் கேக்காமயே இருந்திருக்கலாம்!"