கஞ்சாவும் சட்டமும்: மருந்து எது, மயக்கம் எது?

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷாக்னசி என்னும் அயர்லாந்து நாட்டு மருத்துவர், இந்நாட்டுக் கஞ்சாவைக் குறித்துத் தாம் நிகழ்த்திய ஆய்வுகளை 1839ஆம் ஆண்டு வெளியிட்டார். வலிப்பு நோயால் துடித்த பச்சிளங்குழந்தை ஒன்றிற்கு அச்செடியிலிருந்து வடித்த மருந்தைத் துளித்துளியாகப் புகட்டி வலிப்பைத் தணித்த செய்தியும் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு சூன் திங்களில், அதே செடியின் கூறாகிய கன்னாபிடையால் என்னும் பொருளைக் குழந்தைகளைத் தாக்கும் இருவகைக் கடும் வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே எத்தனையோ சட்டங்களும் சிறைக்கூடங்களும் வந்துவிட்டன. மருத்துவத்திற்காகவும் தனிமனித நுகர்வுக்காகவும் கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகிறது. இவை உண்மையில் இரண்டு வினாக்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் குழப்பம் விளைகிறது என்பது என் கருத்து.

முதலில் செடியை அறிந்துகொள்வோம். பெண் செடியின் பூங்கொத்து கஞ்சா எனப்படும். அதிலிருந்து வடியும் பிசின் சரஸ். இலையை அரைத்துச் செய்வது பாங்கு. நம் சித்த மருத்துவர்கள் சிவமூலி என்று பெயரிட்டு, தூய்மை செய்து, பிற சரக்குகளுடன் சேர்த்து இதனைக் கையாண்டுள்ளனர். இச்செடியிலுள்ள வேதிப்பொருள்களுள் இரண்டே நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. ஒன்று மயக்கம் தருவது, சுருக்கமாக டி.எச்.சி. என்பர். மற்றொன்று மேலே கூறிய கன்னாபிடையால். இது மயக்கம் தருவதன்று. மயக்கும் பொருளை 1964இல் மெக்கோலம், கவோனி என்னும் இசுரேலிய அறிஞர் இருவர் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். ஒரே செடியில் மருந்தும் மயக்கமும் குடியிருக்கின்றன. எனினும் அவற்றைப் பிரித்தெடுக்க இயலும். இவ்வுண்மையை நெஞ்சில் இருத்திக்கொண்டால் மேலே செல்வது எளிது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இதற்கென ஓர் ஆணையம் 1893இல் அமைக்கப்பட்டது. மெக்வொர்த் யங் என்பார் தலைமையில் எழுவர் கொண்ட அவ்வாணையம் நாடெங்கும் சுற்றி 1,193 பேரிடம் சாட்சியம் கேட்டு, 1894இல் பல தொகுதிகளாக அறிக்கை அளித்தது. மிதமான நுகர்வால் பெருந்தீங்கில்லை, முற்றத் தடுப்பது தேவையற்றது, வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்தினால் போதும் என்பதே அதன் முடிவு. ஆட்சியாளர்க்கு இதனால் வருவாய் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதையும் படிப்போர் மறந்துவிடலாகாது. இன்று தடையை நீக்கக் கோருவோர் அவ்வறிக்கையை மேற்கோள் காட்டாமல் இருப்பதில்லை.

1961ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கை கஞ்சாவைக் கடுங்கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தது. இந்தியாவின் போதைப்பொருள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. பூவும் பிசினும் குற்றம். பூங்கொத்து சேராத தனி இலை குற்றத்தின் வரையறைக்குள் வருவதில்லை. ஆகவேதான் இராசத்தான் போன்ற மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற கடைகளிலேயே பாங்கு விற்கப்படுகிறது. ஒரே செடியின் இலையை வாங்குபவன் வாடிக்கையாளன். பூவை வாங்குபவன் குற்றவாளி!

தண்டனையின் அளவையும் நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. ஒரு கிலோ வரையிலான கஞ்சா சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவலோ பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். இருபது கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. பத்தாண்டுக்குக் குறையாத, இருபதாண்டு வரையிலான சிறை. அங்குப் பிணை கிடைப்பதும் அரிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. விற்காமல் தான் மட்டும் நுகர்ந்தாலும் ஆறு திங்கள் வரை சிறையுண்டு. நண்பன் கொடுத்த பொட்டலத்தை, அதனுள் இருப்பது இன்னதென்று அறிந்தே சட்டைப்பையில் வைத்திருந்த இளைஞனுக்கு, "என்னுடையது அன்று" என்னும் விடை துணை நிற்பதில்லை.

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். திருக்குர்ஆன் மதுவை வெளிப்படையாக விலக்கியது. கஞ்சாவின் பெயர் அதில் இல்லை. எனவே கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் ஹஷீஷ் என்னும் பெயரில் இது இசுலாமிய நகரங்களில் பரவியபோது, மார்க்க அறிஞர்கள் புதிதாகச் சிந்திக்க வேண்டியதாயிற்று. மயக்கும் அனைத்தும் மதுவின் பாற்பட்டதே என்னும் கருத்தமைந்த நபிமொழியை ஆதாரமாகக் கொண்டு அவர்கள் இதனை ஹராம் என்றனர். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) மதுவுக்குரிய தண்டனையையே இதற்கும் வேண்டினார். மாலிக்கி மத்ஹபின் பேரறிஞர் இமாம் கராஃபி (ரஹ்) வேறொரு நுட்பம் கண்டார். இது களிவெறி ஊட்டும் மதுவைப் போன்றதன்று, அறிவைக் கெடுப்பது. ஆகவே மதுவுக்குரிய வரையறுத்த தண்டனை இதற்குப் பொருந்தாது, நீதிபதி நிலைமைக்கேற்பத் திருத்தும் தண்டனையே உரியது என்பது அவர்தம் முடிவு. ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷி (ரஹ்) இதன் விலக்கலைப் பற்றித் தனி நூலே யாத்தார். விலக்கப்பட்டது என்பதில் இம்மூவரும் ஒன்றுபட்டனர்; தண்டிக்கும் முறையில்தான் கருத்து வேறுபட்டனர்.

அதே அறிஞர் மரபுதான் நிர்ப்பந்தம் என்னும் வாயிலையும் திறந்து வைத்தது. அழுகிய உறுப்பை அறுத்து நீக்குகையில் நோயாளிக்கு உணர்விழக்கச் செய்யும் பொருளைக் கொடுக்கலாமா என்று ஃபிக்ஹு நூலோர் ஆராய்ந்து, இடங்கொடுத்துள்ளனர். மார்க்கத்தின் நோக்கங்களாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்தவை ஐந்து: மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், பொருள் ஆகியவற்றைக் காத்தல். அறிவைக் காக்கக் கஞ்சாவை விலக்குகிறோம். உயிரைக் காக்க அதன் கூறு ஒன்று உதவுமாயின், அப்போது என் செய்வது? இரு நோக்கங்களும் எதிரெதிர் நிற்பது போல் தோன்றும் இடம் இதுவே.

இங்கு மார்ஃபின் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. அபினிலிருந்து எடுக்கப்படும் அம்மருந்து, புற்றுநோயின் இறுதி வேதனையைத் தணிக்க வல்லது. உலகின் மருந்துத் தேவைக்குச் சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு இந்தியா. எனினும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சி மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வைத்திருப்பதையே நிறுத்திவிட்டன. நோயாளிகள் துடித்தே இறந்தனர். கேரளத்து மருத்துவர் இராசகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்காக வாதாடிய பின்னரே, 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று எளிதாயிற்று. போதையைத் தடுக்க இட்ட வேலி மருந்தையும் தடுத்து நிறுத்தியது. இப்பிழை கஞ்சாவின் மருத்துவக் கூறுகளிலும் நேரலாகாது. புற்றுநோய் மருந்துகளால் எழும் குமட்டலுக்கும், நரம்பு நோயால் தசை விறைத்து வருந்துவோருக்கும் இதன் கூறுகள் பயன்படுவது பல நாடுகளில் ஏற்கப்பட்டுள்ளது. நம் சட்டமும் மருத்துவத்திற்கும் ஆராய்ச்சிக்கும் வாயிலை அடைக்கவில்லை. அளவறிந்து, தரமறிந்து, மருத்துவர் எழுதித்தரும் மருந்தாக அது வருவதை மார்க்கமும் மறுக்காது என்றே நான் கொள்கிறேன். நாமே கிள்ளிப் புகைத்துவிட்டு மருத்துவம் என்று பெயரிடுவது வேறு.

தனிமனித நுகர்வைப் பொறுத்தவரை என் உள்ளம் இசையவில்லை. உருகுவே 2013இலும், கனடா 2018இலும், செருமனி 2024 ஏப்பிரலிலும் அதற்கு இடமளித்தன. 2022இல் கட்டவிழ்த்த தாய்லாந்து, மூன்றாண்டில் மனம் மாறி, மருத்துவச் சீட்டின்றிப் பூவை விற்கலாகாது என்று 2025இல் திரும்ப இறுக்கியது. மொராக்கோவும் லெபனானும் மருத்துவத்திற்கும் தொழிலுக்கும் பயிரிட மட்டும் வழிவிட்டு, நுகர்வைக் குற்றமாகவே வைத்துள்ளன. அரபு நாடுகள் இரண்டு வகுத்த இப்பிரிவு நம் கவனத்திற்குரியது.

"அரசே மதுக்கடை நடத்துகையில் கஞ்சாவுக்கு மட்டும் ஏன் தடை?" என்று இளைஞர்கள் வினவுகின்றனர். வினாவில் நியாயம் உண்டு. ஆயின் அதன் முனை மதுக்கடையை நோக்கித் திரும்ப வேண்டுமேயன்றி, இரண்டாவது கடையைத் திறப்பதற்குக் காரணமாகலாகாது. இன்றைய கஞ்சா நம் முன்னோர் கண்ட கஞ்சாவும் அன்று. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்டவற்றில் மயக்கும் பொருளின் சராசரி அளவு 1995இல் 4 விழுக்காடாக இருந்தது. 2014இல் 12 விழுக்காடாயிற்று. சுவீடன் நாட்டில் படைக்குச் சேர்ந்த இளைஞர் நாற்பத்தையாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியான ஆய்வு, மிகுதியாகக் கஞ்சா பயன்படுத்தியோருக்கு மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு மிகுதியாகக் கண்டதைத் தெரிவித்தது. கஞ்சாவே காரணமா, நோய்க்கூறு உடையவர் அதனை நாடுகின்றனரா என்னும் வாதம் அறிஞரிடையே நீண்டது. வளரும் மூளைக்கு அது கேடு பயக்கும் என்பதில் மருத்துவர்க்கு ஐயமில்லை. மாணவப் பருவம் அப்பருவமே.

குற்றம் என்று கொள்வதாலேயே சிறைதான் மருந்து என்றாகிவிடாது. சில ஆண்டுகளுக்கு முன் முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தையார் துறைக்கு வந்து அமர்ந்தார். மகன் சிறிய அளவோடு பிடிபட்டிருந்தான். "சிறைக்குப் போனால் வேலை போகும், சம்பந்தம் போகும், ஜமாஅத்தில் தலை நிமிர முடியாது, மருத்துவமனைக்குக் கொண்டு போனால் ஊர் அறிந்துவிடும், என்ன செய்யட்டும், உஸ்தாத்?" என்றார். சட்டத்தின் 64ஏ பிரிவு அன்று எனக்கும் தெரியாது. அடிமைப்பட்டவர் நுகர்வுக் குற்றத்திலோ சிறிய அளவுக் குற்றத்திலோ சிக்கியிருப்பின், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து அவருக்கு விலக்களிக்கிறது அப்பிரிவு. சிகிச்சையை இடையில் விட்டால் விலக்கு நீங்கும். பின்னர் வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் அந்த இளைஞன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியாயிற்று. சிகிச்சை நடக்கவில்லை.